குடலும் குழந்தையும்: ஈஸ்ட், உணவு ஒவ்வாமை, ஆட்டிசம் பற்றிய ஒரு பாடம்

குடும்பத்தின் உழைப்பையும் சேமிப்பையும் காப்பது கூட்டுறவின் முதற் கடமை. கந்து வட்டியினின்று காப்பது போலவே, ஆதாரமற்ற செலவினின்று காத்தலும் அக்கடமையில் அடங்கியதேயாகும். நூல் விலை, சாயம், விதை, உரம் ஆகியவற்றை ஆராயும் இப்பக்கங்களில் குழந்தை நலம் பற்றிய பாடம் ஒன்று இடம் பெறுவதற்கு அதுவே காரணம்.

நெசவாளர் வீடாயினும் உழவர் வீடாயினும், இரண்டரை வயதாகியும் பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், பெற்றோரின் மனம் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நிலையில் யார் எதைச் சொன்னாலும் அது தெய்வ வாக்காகத் தோன்றும். “பிள்ளையின் வயிற்றில் ஈஸ்ட் மிகுந்துவிட்டது, கோதுமையும் பாலும் சர்க்கரையும் ஆகா, இந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டுங்கள், இந்த மருந்தைக் கொடுங்கள், பிள்ளை பேசிவிடும்” என்று கூறுவோர் இன்று பலர் உளர். அச்சொல்லை நம்பிப் பல மாதக் கூலியைச் செலவிடுவோரும் உளர். பணம் போனால் மீண்டும் ஈட்டலாம். பயிற்சிக்கு மிக உகந்த இளம் பருவம் வீணே கழிந்துவிட்டால் அதனை ஈடுசெய்வது அரிது. ஆகவே, இக்கூற்றில் உண்மை எவ்வளவு, ஊகம் எவ்வளவு, நாம் செய்யத்தக்கது யாது என்னும் மூன்றையும் இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் என்பது தொற்று நோயன்று, பைத்தியமுமன்று. மூளை வளரும் முறையில் பிறப்பிலிருந்தே அமைந்த ஒரு வேறுபாடு அது. பிறரோடு பார்வையாலும் பேச்சாலும் கலந்து பழகுவது இக்குழந்தைகளுக்குக் கடினமாக இருக்கும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் சிறிது மாறினும் பெரிதும் கலங்குதல், சில ஓசைகளையும் மணங்களையும் தொடுதலையும் பொறுக்க மாட்டாமை ஆகியவையும் காணப்படும். சிலர் நன்றாகப் பேசிக் கல்லூரிவரை பயில்வர். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் துணை வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர் 1943ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை மருத்துவ உலகுக்குத் தெளிவாக அறிவித்தது. அவர்களுள் சிலர் கைக்குழந்தைப் பருவத்திலேயே பாலுண்ண மறுத்தும் உண்டதைக் கக்கியும் துன்புற்றனர் என்பதை அவர் அப்பொழுதே குறித்து வைத்தார். எனவே வயிற்றுக்கும் இந்நிலைக்கும் தொடர்பு உண்டோ என்னும் ஐயம் புதியதன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்நிலையினர். காரணங்களுள் முதன்மையானது பரம்பரைக் கூறு. டென்மார்க், பின்லாந்து, சுவீடன், இஸ்ரேல், மேற்கு ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் 20 லட்சம் குழந்தைகளை உட்கொண்டு 2019இல் வெளிவந்த ஆராய்ச்சி, ஆட்டிசம் தோன்றுவதில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணுக்களைச் சார்ந்தது என்று கணித்தது. தாயின் அன்புக் குறைவே காரணம் என்று மேல்நாட்டு அறிஞர் சிலர் 1950, 1960களில் எழுதினர். அக்கருத்து பின்னர் முற்றும் கைவிடப்பட்டது. அன்று தாயின் மனத்தைக் குறை கூறினர். இன்று தாயின் சமையலைக் குறை கூறுகின்றனர். இரண்டும் நியாயமல்ல.

2. குடலில் வாழும் சிற்றுயிர்கள்

நம் குடலில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் எண்ணிறந்தன வாழ்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாக்கள். சிறு பகுதி ஈஸ்ட் எனப்படும் காளான் இனம். இவ்விரண்டும் நம் மக்களுக்கு அந்நியமானவை அல்ல. உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மாவு மறுநாட் காலையில் பொங்கி நிற்பதும், நீர் ஊற்றிய சோறு விடியற்காலையில் புளித்து நீராகாரமாவதும் பாக்டீரியாக்களின் தொழில். பனங் கள் சில மணி நேரத்தில் நுரைத்து வெறியேறுவதில் ஈஸ்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆப்ப மாவில் சிறிது கள் சேர்க்கும் பழைய வழக்கத்தின் காரணமும் இதுவே.

ஈஸ்ட் அனைத்தும் தீயன அல்ல. பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர் ஹென்றி பூலார் என்பவர் 1920களில் இந்தோசீனாவில் இருந்தபொழுது, லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து ஓர் ஈஸ்டைப் பிரித்தெடுத்தார். குற்றாலத்தில் பருவந்தோறும் நாம் வாங்கி உண்ணும் அதே மங்குஸ்தான்தான். அந்த ஈஸ்ட் இன்று வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் தரும் மருந்துகளுள் ஒன்று.

நாம் இங்கே பேசப் புகும் ஈஸ்டின் பெயர் காண்டிடா. ஆரோக்கியமான பலருடைய வாயிலும் குடலிலும் அது அடங்கி வாழ்கிறது. கைக்குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் படரும் வெண்படலம் பெரும்பாலும் இதனால் வருவதே. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை மிகுதியாக உட்கொண்டோர், நீரிழிவு கட்டுக்கடங்காதோர், நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் ஆகியோரிடம் அது மிகுந்து தொல்லை தரும். மருத்துவமனையில் கடும் நோயுற்றுக் கிடப்போரின் இரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. இவை ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகள்.

3. இக்கருத்து தோன்றிய வரலாறு

காண்டிடாவைக் கொல்லும் நிஸ்டாட்டின் என்னும் மருந்தை எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 1950இல் அறிவித்தனர். ஒரு பால்பண்ணை மண்ணில் இருந்த நுண்ணுயிரே அதனை அவர்களுக்கு அளித்தது. காளான் நோய்க்கு அது பெரும் வரமாயிற்று.

மருந்து கையில் கிடைத்தபின் அதன் எல்லையை விரிக்கும் ஆவலும் தோன்றியது. களைப்பு, தலைவலி, மனச்சோர்வு போன்ற பற்பல துன்பங்களுக்கும் குடல் ஈஸ்டே காரணம் என்று 1983இல் வில்லியம் குரூக் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதிய நூல் மிகப் பரவியது. பின்னர் அதே கருத்து ஆட்டிசத்துக்கும் நீட்டப்பட்டது. அதன் வாதம் ஒரு சங்கிலி போன்றது:

முதற் கண்ணி: குழந்தைக்குக் காது வலி, சளி ஆகியவற்றுக்கு மருந்து கொடுக்க, நல்ல பாக்டீரியாக்கள் மடிந்து ஈஸ்ட் பெருகுகிறது.

இரண்டாங் கண்ணி: பெருகிய ஈஸ்ட் குடற்சுவரை நைந்துபோகச் செய்கிறது.

மூன்றாங் கண்ணி: கோதுமை, பால் ஆகியவற்றின் புரதங்கள் முற்றும் செரிக்காமல் அச்சுவர் வழியே இரத்தத்தில் கசிகின்றன.

நான்காங் கண்ணி: அவற்றால் நோயெதிர்ப்பு ஆற்றல் குழம்பி, மூளை பாதிக்கப்பட்டு, ஆட்டிசம் விளைகிறது.

கேட்பதற்கு இது மிகப் பொருத்தமாகத் தோன்றும். நம் பாட்டிமாரும் குழந்தைக்கு வயிறு கெட்டு உடல் முறுக்கினால் மாந்தம் என்று பெயரிட்டு, வயிற்றையும் நரம்பையும் சேர்த்தே எண்ணினார்கள் அல்லவா? ஆயினும் பொருத்தமாகத் தோன்றுவது வேறு. மெய்யென நாட்டப்படுவது வேறு. பாவு நூலில் இழை அறுந்திருந்தால், தறியில் ஏற்றுமுன் அதனைக் கண்டு புனைவதே நெசவாளர் வழக்கம். இந்தக் கண்ணிகளையும் அவ்வாறே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

4. ஈஸ்ட் பற்றிய சோதனை

இத்தாலியில் ஆட்டிசம் உள்ள 40 பேரையும் இல்லாத 40 பேரையும் ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த ஆராய்ச்சியில், முன்னவர் மலத்தில் காண்டிடாவின் விகிதம் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டது. ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மிகவும் மாறுபட்டமையால், அவ்வேறுபாடு உறுதியானது என்று ஆராய்ச்சியாளர்களாலேயே முழுமையாகச் சொல்ல இயலவில்லை. இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், காரணம் எது, விளைவு எது என்னும் கேள்வி எஞ்சுகிறது.

அக்கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளைக் கொண்டு 2021இல் வெளிவந்த ஆய்வு ஒரு விடை தந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுள் பலர் உணவின் மணம், நிறம், பதம் ஆகியவற்றைப் பொறுக்காமல் இரண்டொரு பண்டங்களையே உண்கின்றனர். அவ்வாறு உணவு குறுகுவதனால் குடலின் பாக்டீரியாக் கூட்டமும் குறுகுகிறது. குடலின் மாறுதல் ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதைவிட, ஆட்டிசத்தால் உணவு மாற, உணவால் குடல் மாறுகிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஆற்றில் கலங்கல் கண்டவுடன் அணையில் உடைப்பு என்று முடிவு கட்டிவிடலாகாது. மேலே எங்கோ பெய்த மழையாகவும் இருக்கலாம்.

ஈஸ்ட் மருந்தால் குணம் உண்டா? பெரியவர்களுக்கு வரும் “ஈஸ்ட் ஒவ்வாமை” என்று கூறப்பட்ட நிலைக்கு நிஸ்டாட்டின் கொடுத்து 42 பெண்களிடம் முறைப்படி நடத்திய சோதனை 1990இல் வெளிவந்தது. களைப்பு, மனச்சோர்வு முதலிய பொதுத் துன்பங்களைப் பொறுத்தவரை, மருந்தில்லாத போலி மாத்திரையைக் காட்டிலும் அது சிறந்ததாக இல்லை. ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஈஸ்ட் மருந்து பயன்படும் என்று நாட்டிய தகுந்த ஒப்பீட்டுச் சோதனை எதுவும் இல்லை. மேலும், வாய்வழி நீண்ட நாள் கொடுக்கும் காளான் மருந்துகளுள் சில ஈரலைத் தாக்கக்கூடியவை. மருத்துவர் கட்டளையின்றி அவற்றைக் கொடுப்பது தீங்கு.

குடற் பாக்டீரியா பற்றிய ஆராய்ச்சி மட்டும் இன்னும் நடந்துவருகிறது. 2000ஆம் ஆண்டில் 11 குழந்தைகளுக்கு வான்கோமைசின் என்னும் மருந்து கொடுத்தபொழுது சிலரிடம் தற்காலிகத் தேர்ச்சி தென்பட்டுப் பின் மறைந்தது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஆரோக்கியமானவரின் குடற் பாக்டீரியாக்களை 18 குழந்தைகளுக்குச் செலுத்திய சோதனை 2017இல் வெளிவந்தது. வயிற்றுத் துன்பம் குறைந்ததென்றும் நடத்தையில் சிறிது முன்னேற்றம் கண்டதென்றும் கூறினர். ஆனால் அதில் ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. இவை ஆராய்ச்சிக்கூடத்துக்குரிய செய்திகள். வீட்டில் செய்து பார்க்கத்தக்கவை அல்ல.

5. ஒப்பீட்டுச் சோதனை ஏன் வேண்டும்?

“என் பிள்ளைக்குக் கொடுத்தேன், குணம் கண்டேன்” என்று ஒரு தாய் சொல்லும்பொழுது அதைப் பொய் என்று சொல்லலாமா? பொய்யன்று. ஆயினும் அது போதிய சான்றுமன்று. இதனை உழவர் எளிதில் உணர்வர். புது உரம் இட்ட வயலில் விளைச்சல் மிகுந்தால், அது உரத்தாலா, அவ்வாண்டு மழையாலா என்று எங்ஙனம் அறிவது? அருகிலேயே அதே மண்ணில், அதே நெல்லை, அந்த உரமின்றி நட்டுப் பார்த்தால்தான் தெரியும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் அம்பை 16 போன்ற நெல் வகைகளைத் தந்ததும் இவ்வாறு பாத்தி பாத்தியாக ஒப்பிட்டுப் பார்த்தேயாகும்.

குழந்தையும் வளரும் பயிர்தான். மருந்தில்லாமலே மாதந்தோறும் சிறிது கற்கும். சில வாரம் மோசமாக இருந்து, தானே தெளியும். இதற்கு நல்ல உதாரணம் செக்ரெட்டின் என்னும் குடற் சுரப்பு. அதனை ஊசி வழியே பெற்ற 3 குழந்தைகள் முன்னேறியதாக 1998இல் செய்தி வந்தவுடன், ஆயிரக்கணக்கான பெற்றோர் அதனைத் தேடி ஓடினர். மறு ஆண்டே 60 குழந்தைகளைக் கொண்டு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர். எது எவருக்கு என்பது பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மறைக்கப்பட்டது. முடிவில் இரு குழுவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் முன்னேறியிருந்தனர். மருந்தால் பயனில்லை என்று சொல்லிய பின்னும், அப்பெற்றோருள் மூன்றில் இரு பங்கினர் அதே மருந்தில் நாட்டம் நீங்காதிருந்தனர். பெற்ற மனத்தின் ஆசை அத்தகையது. அதை ஏளனம் செய்வது தகாது. ஆனால் அதை விலைபேசுவோரை அடையாளம் கண்டுகொள்ளல் வேண்டும்.

6. கோதுமையும் பாலும்

கோதுமையை ஊறவைத்து அரைத்து அல்வாவுக்குப் பால் பிழிந்தபின், தவிட்டோடு கையில் ரப்பர்போல் இழுபட்டு எஞ்சும் பொருளை நம் ஊரில் பலர் பார்த்திருப்பர். குளுட்டன் என்னும் கோதுமைப் புரதம் அதுதான். பாலின் புரதத்துக்குக் கேசின் என்று பெயர். இவ்விரண்டையும் நீக்கினால் ஆட்டிசம் குறையும் என்பது பரவலான நம்பிக்கை.

அமெரிக்காவில் 14 சிறு குழந்தைகளுக்கு முதலில் இவ்விரண்டும் இல்லாத உணவைப் பல வாரம் பழக்கி, பின்னர் வாரந்தோறும் தின்பண்டத்தில் குளுட்டன், கேசின், இரண்டும், அல்லது இரண்டுமற்ற போலி என மறைவாக மாற்றி மாற்றிக் கொடுத்தனர். நடத்தையிலோ உறக்கத்திலோ மலப்போக்கிலோ வேறுபாடு காணப்படவில்லை. 2016இல் வெளிவந்த இச்சோதனை சிறியதே. ஆனால் மிகக் கவனமாக நடத்தப்பட்டது.

நம் நாட்டுப் பட்டறிவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தாமிரவருணிக் கரையில் அரிசியே தலைமுறை தலைமுறையாக முதன்மை உணவு. அரிசியில் குளுட்டன் இல்லை. கோதுமையே மூலகாரணமாயின், அரிசியுண்ணும் நாடுகளில் இந்நிலை அரிதாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை.

கோதுமை உண்மையிலேயே ஆகாத நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் சீலியாக். இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கு மேற்பட்டோரைச் சோதித்து 2016இல் வெளிவந்த ஆய்வின்படி, வட பகுதியில் அது 1.23 சதவீதமும் தென் பகுதியில் 0.10 சதவீதமும் ஆகும். தெற்கே அரிது, எனினும் நீடித்த வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் உள்ள குழந்தைக்கு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து அறிவார். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் நோய் தெரியாமற் போகும் என்பதை நினைவிற் கொள்க.

பாலைப் பொறுத்தவரை, அதன் சர்க்கரை சிலருக்குச் செரிக்காமல் வாயுவும் பேதியும் உண்டாகும். அவர்களுள் பலர் தயிரையும் மோரையும் தாங்குவர். இது வேறு, பால் ஒவ்வாமையால் உடல் தடித்து மூச்சுத் திணறுவது வேறு, ஆட்டிசம் முற்றிலும் வேறு. இரத்தத்தில் ஒரு துளி எடுத்து, நூற்றுக்கணக்கான உணவுகளின் பெயரிட்டு, “இவையெல்லாம் ஆகா” என்று பட்டியல் தரும் பரிசோதனைகள் பல, ஐ.ஜி.ஜி என்னும் எதிர்ப்பொருளை அளப்பவை. அது பெரும்பாலும் அவ்வுணவைக் குழந்தை உண்டுவந்ததைக் காட்டுமேயன்றி, ஒவ்வாமையைக் காட்டாது. இப்பரிசோதனையை நம்பி உணவை நிறுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் அறிவித்துள்ளன.

பாலை நிறுத்துவதால் கேடும் உண்டு. ஆட்டிசம் உள்ள 75 சிறுவரின் எலும்பை அளந்து 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அவர்கள் எலும்பு மெலிந்திருந்தது. பாலை விலக்கியோரிடம் அம்மெலிவு மிகுந்திருந்தது. இரண்டு மூன்று பண்டமே உண்ணும் பிள்ளையிடம் அவற்றுள் ஒன்றையும் பறிப்பது எவ்வளவு பிழை என்று எண்ணிப் பாருங்கள். மெய்யான ஒவ்வாமையால் பாலை விலக்க நேரின், கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி போன்றவற்றால் ஈடுசெய்தல் வேண்டும்.

நீராகாரம் பற்றியும் ஒரு சொல். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றின் குணங்களைக் குடல் நோயாளிகளிடம் ஆராயும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பழைய சோறு நல்ல உணவு. குழந்தைக்குப் பிடித்தால் தாராளமாகத் தரலாம். ஆனால் அது ஆட்டிசத்துக்கு மருந்து என்று ஒருவர் கூறினால் அதையும் நம்ப வேண்டாம்.

7. நோயெதிர்ப்பு ஆற்றல் பற்றி

நோயெதிர்ப்புக்கும் மூளை வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்பது மெய். ஆனால் அது பிறந்தபின் உண்ணும் உணவைவிட, கருவிலிருக்கும் காலத்தோடு நெருங்கியது. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா என்னும் சிறு அம்மைக் காய்ச்சல் வந்து, அதனால் பாதிப்புற்றுப் பிறந்த 243 குழந்தைகளை ஆராய்ந்த ஸ்டெல்லா செஸ் என்னும் மருத்துவர், அவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை 1971இல் எடுத்துக்காட்டினார். இந்த ஒரு காரணத்தைத் தடுப்பூசியால் நாம் தடுக்க முடியும். தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கிற்று.

வேடிக்கை என்னவெனில், தடுப்பூசியே குடலைக் கெடுத்து ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று 12 குழந்தைகளை வைத்து 1998இல் இங்கிலாந்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் முறைகேடுகள் இருந்தமை விசாரணையில் வெளிப்பட்டு, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. அதன்பின் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் அத்தகைய தொடர்பு இல்லை என்றே கண்டன.

8. பேசாப் பிள்ளையின் வயிற்று வலி

இவ்வளவும் சொன்னதனால் குடலைப் பற்றிக் கவலை வேண்டா என்று யாரும் கருதலாகாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த கணக்கின்படி, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுத் துன்பம் மற்றக் குழந்தைகளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு மிகுதி. மலச்சிக்கல், பேதி, வயிற்று வலி ஆகிய மூன்றும் முதன்மையானவை.

பேசத் தெரிந்த பிள்ளை, “அம்மா, வயிறு வலிக்கிறது” என்று சொல்லும். பேசாப் பிள்ளை என் செய்யும்? தலையைச் சுவரில் மோதும், கையைக் கடிக்கும், மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடக்கும், இரவெல்லாம் உறங்காது. அதனைப் பிடிவாதம் என்று அடிப்பதும், பேய்க்கோளாறு என்று மந்திரிப்பதும், ஈஸ்ட் என்று மருந்து வாங்குவதும் மூன்றும் ஒரே பிழையின் மூன்று வடிவங்கள். முதலில் செய்யத்தக்கது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மலம் கழிகிறது, கெட்டியா, இளகலா என்று ஒரு மாதம் நாட்காட்டியில் குறித்து, பல், காது, வயிறு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுவதே. மலச்சிக்கல் தீர்ந்தால் பிள்ளை அமைதியுறும், உறங்கும், பயிற்சிக்கும் இணங்கும். வயிற்று நோயை வயிற்று நோயாகவே கருதி மருத்துவம் செய்க. அதனால் ஆட்டிசம் நீங்காது. ஆனால் பிள்ளையின் துன்பம் நீங்கும். அதுவே போதிய காரணம் அன்றோ?

பொடியாகவும் உருண்டையாகவும் பெயர்ச்சீட்டின்றி விற்கப்படுவனவற்றைக் கொடாதீர்கள். சித்த மருத்துவத்தை நாடுவோர் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகி, வேறு மருந்து உட்கொள்வதையும் மறைக்காமல் கூறுக.

9. பயன் தரும் வழி

பிறர் கண்ணைப் பார்த்தல், சுட்டிக் காட்டுதல், முறை மாறி விளையாடுதல், தேவையைச் சைகையாலோ படத்தாலோ சொல்லாலோ தெரிவித்தல் ஆகியவற்றை நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழக்குவதே பயன் கண்ட வழி. இதற்குப் பெருநகரத்து நிபுணரே எப்பொழுதும் வேண்டுமென்பதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் பெற்றோருக்கு, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே வீடு தேடிச் சென்று கற்பித்த சோதனை 2016இல் வெளிவந்தது. பெற்றோர் பிள்ளையின் போக்கறிந்து ஈடுகொடுப்பதும், பிள்ளை தானே முன்வந்து தொடர்புகொள்வதும், பயிற்சி பெறாத குழுவைவிடத் தெளிவாக மிகுந்தன. ஈஸ்ட் மருந்துக்கு இல்லாத ஒப்பீட்டுச் சான்று இதற்கு உண்டு.

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஓர் அரிய முன்மாதிரி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்பொழுது 1975இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அப்பொழுது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஆய்க்குடி, 2019இல் பிரிக்கப்பட்ட தென்காசி மாவட்டத்தில் இன்று உள்ளது. கிராமப் பணியாளர்கள் கைப்பேசிச் செயலியின் உதவியோடு வீடு வீடாகச் சென்று, வளர்ச்சி தாமதமுற்ற சிறு குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி முறை கற்பிக்கும் பணியை அச்சங்கம் நடத்திவருகிறது. அதன் நிறுவனருக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

அரசின் ஏற்பாடுகளும் உள்ளன. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் சோதிக்கப்பட்டு, தேவையுள்ளோர் மாவட்ட மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைத் திறன் குறைந்தோர்க்கான தேசிய நிறுவனம் 2005இல் அமைந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் சேர்த்தது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி அமைந்த நிராமயா காப்பீட்டில், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவ, பயிற்சிச் செலவுக்கு வழியுண்டு.

10. சங்கம் செய்யத்தக்கது

தனித்து நிற்கும் குடும்பம் எளிதில் ஏமாறும். கூடி நிற்கும் குடும்பம் கேட்டறிந்து நடக்கும். கூலி வழங்கும் நாளிலும் கொள்முதல் நாளிலும் தாய்மார் கூடுகின்றனர். ஓராண்டு முடிந்தும் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் விரலால் சுட்டிக் காட்டாமை, இரண்டு வயதிலும் இரு சொல் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களை எவ்வயதிலேனும் இழத்தல் ஆகிய நான்கு அறிகுறிகளையும் சங்க அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். சான்றிதழ், காப்பீட்டு விண்ணப்பங்களை நிரப்பச் செயலாளர் உதவலாம். பெற்றோர் வாரம் ஒருமுறை பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்ல, தறியிலும் வயலிலும் ஒருவருக்கொருவர் முறை மாற்றிக் கைகொடுக்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. பயனோ ஒரு குழந்தையின் வாழ்க்கை.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. குடல் ஈஸ்ட் வாதத்தின் நான்கு கண்ணிகள் யாவை? அவற்றுள் உறுதியானது எது, ஊகமானது எது?

2. ஆட்டிசத்தால் உணவும், உணவால் குடலும் மாறக்கூடும் என்பதனை விளக்குக.

3. ஒரு மருந்தின் பயனை அறிய ஒப்பீடு ஏன் வேண்டும்? உங்கள் வயலிலிருந்தோ தறியிலிருந்தோ ஓர் உதாரணம் தருக.

4. பாலையும் கோதுமையையும் நிறுத்துமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை யாவை?

5. பேசாப் பிள்ளைக்கு வயிற்று வலி என்பதை எவ்வெவ் அறிகுறிகளால் அறியலாம்?

6. நம் சங்கத்து அங்கத்தினர் வீடுகளில் வளர்ச்சி தாமதமுற்ற குழந்தைகள் உளரா? அவர்கள் சோதனைக்கும் பயிற்சிக்கும் சென்றுவர நாம் இம்மாதமே செய்யக்கூடிய உதவி யாது?